கடலில்லா ஊரிலிருந்து கடல் ஆய்வுக்கு: லோத்குண்டா ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹைதராபாத் நகரின் லோத்குண்டாவில் பாடம் நடத்தும் ஆசிரியர் கடலைப் பார்க்க வேண்டுமானால் ஓர் இரவு ரயில் ஏற வேண்டும். அதனாலேயே ‘கடல் ஆய்வு நமக்கு எதற்கு?’ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையில்லை. இந்தியக் கடல்களின் அலை, வெப்பம், நீரோட்டம் ஆகியவற்றை நாள்தோறும் கணித்துச் சொல்லும் தேசிய மையம் இதே ஹைதராபாத்தில்தான் இருக்கிறது. கிழக்குக் கரை ஆமைகளின் மரபணுவை ஆராய்ந்த ஆய்வகமும் இங்கேதான். சென்னை, விசாகப்பட்டினம் இரண்டு கரைகளுக்கும் மாலையில் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். செகந்திராபாத் கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ் ஆசிரியர்களுக்கு இன்னொரு பலமும் உண்டு. நமக்குத் தமிழும் தெரியும், தெலுங்கும் தெரியும். தமிழகக் கரை, ஆந்திரக் கரை இரண்டிலும் மீனவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசக்கூடியவர்கள் நாம்.

அறிவியல் ஆசிரியருக்கு மட்டுமான வழிகாட்டி இல்லை இது. கணக்கு, புவியியல், தமிழ், ஓவியம் என எந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவரும் சேரலாம். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் இருப்பவர்களுக்கு ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் விருந்தினரால் பயனில்லை. சொன்ன நேரத்துக்கு வந்து, கொடுத்த படிவத்தைப் பிழையின்றி நிரப்பி, அடுத்த முறையும் வருபவர்தான் வேண்டும். ஆண்டு முழுக்க வருகைப் பதிவேடும் மதிப்பெண் பட்டியலும் எழுதும் ஆசிரியருக்கு அந்த ஒழுக்கம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. உங்கள் முதல் தகுதி அதுதான்.

நம் ஊரிலேயே இருக்கும் இரண்டு வாசல்கள்

முதலாவது இன்காய்ஸ் எனப்படும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம். நகரின் வடமேற்கில் பிரகதி நகரில் இருக்கிறது. 1999-ல் தொடங்கப்பட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, இந்தியாவின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் இங்கிருந்தே இயங்குகிறது. எங்கே மீன் கூடும் என்று மீனவர்களுக்குச் சொல்லும் அறிவிப்புகளும், பவளப்பாறைகள் வெளுக்கும் அபாயத்தை முன்கூட்டிச் சொல்லும் எச்சரிக்கைகளும் இங்கிருந்துதான் போகின்றன.

ஆசிரியருக்கு இங்கே பெரும் புதையல் ஒன்று உண்டு. ஆர்கோ மிதவைகள் திரட்டும் தரவு அது. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 தானியங்கி மிதவைகள் மிதந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 10 நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, மேலேறும் வழியில் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளந்து, செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்புகிறது. இந்தியாவுக்கான ஆர்கோ தரவு மையம் இன்காய்ஸ். இந்தத் தரவு யாருக்கும் இலவசம். ஏழாம் வகுப்பு மாணவிகூட வங்காள விரிகுடாவில் ஒரு மிதவையைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுக்க அது போகும் வழியைப் பின்தொடரலாம்.

இரண்டாவது சிசிஎம்பி எனப்படும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம். இதன் ஒரு பிரிவான லாகோன்ஸ் ஆய்வகம் அத்தாப்பூரில் அருகிவரும் உயிரினங்களுக்காகவே செயல்படுகிறது. இந்த மையத்தைக் கடலோடு இணைக்கும் கதை ஒன்று உண்டு. 1988-ல் சென்னையில் கல்லூரி மாணவர்கள் சிலர் கடல் ஆமைகளைக் காக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் சூழலியல் விஞ்ஞானியானார். சிசிஎம்பி ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியக் கிழக்குக் கரையின் பங்குனி ஆமைகள் மரபணு அளவில் தனித்துவமானவை என்று காட்டியது. மற்ற பெருங்கடல்களில் வாழும் இதே இன ஆமைகளுக்கு இவை மூத்த கிளையாக இருக்கக்கூடும் என்றும் அந்த ஆய்வு சொன்னது. கடற்கரையில் இரவு நடந்த ஒரு மாணவரின் ஆர்வம் ஹைதராபாத் ஆய்வகம் வரை வந்து உலக அறிவானது. உங்கள் வகுப்பில் முதலில் சொல்ல வேண்டிய கதை இதுதான்.

இவ்விரு இடங்களுக்கும் மாணவர்களோடு போக விரும்பினால் பல வாரங்கள் முன்பே கடிதம் எழுதுங்கள். எந்த வகுப்பு, எத்தனை பேர், எந்தப் பாடத்தோடு தொடர்பு, போய் வந்த பின் என்ன செய்வீர்கள் என்ற நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். ‘சுற்றிப் பார்க்க வேண்டும்’ என்று மட்டும் எழுதும் கடிதத்தைவிட, கேள்விகளோடு வரும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

முன்னே நடந்தவர்கள்

1988-ல் தொடங்கிய அந்த அமைப்பு, மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. 1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் சென்னையில் தொடங்கிய ஆமை நடையின் தொடர்ச்சி அது. ஜனவரி முதல் மார்ச் வரை நள்ளிரவுக்குமேல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே சுமார் 7 கிலோமீட்டர் நடந்து, ஆமை முட்டையிட்ட இடங்களைத் தேடுகிறார்கள். நாய்களிடமிருந்தும் மனிதர்களிடமிருந்தும் காக்க, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். நீண்டகாலம் இதை ஒருங்கிணைத்து வந்த வி. அருண், திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளியை நடத்துபவர்களில் ஒருவர். திருவண்ணாமலையும் கடலில்லாத ஊர்தான். உள்நாட்டுப் பள்ளியில் பணிபுரியும் ஒருவர் கடற்கரை ஆய்வின் மையத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

சென்னையில் யுவன் ஏவ்ஸ் இன்னொரு வழியைக் காட்டுகிறார். ஆசிரியராகப் பணியாற்றிய அவர் பல்லுயிர் அறக்கட்டளையின் மூலம் மாணவர்களைக் கரைக்கும் சதுப்புநிலத்துக்கும் அழைத்துப் போகிறார். நண்டு, சங்கு, கடற்பாசி, பறவை என்று கண்ணில் படுவதையெல்லாம் அடையாளம் கண்டு பதியச் செய்கிறார்.

வெளிநாட்டு முன்மாதிரியும் உண்டு. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா, 1990-ல் ‘கடலில் ஆசிரியர்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி ஆசிரியர்கள் ஆய்வுக் கப்பலில் சில வாரங்கள் விஞ்ஞானிகளோடு வேலை செய்கிறார்கள். மீன்களை எண்ணி, அளந்து, பதிவு செய்கிறார்கள். திரும்பி வந்ததும் அந்த அனுபவத்திலிருந்து பாடத்திட்டம் எழுதித் தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் திட்டத்தில் நாம் சேர முடியாது. ஆனால் அந்த நிபந்தனையை நாமே நமக்கு விதித்துக்கொள்ளலாம். களத்துக்குப் போகும் முன்பே ‘நான் எந்தப் பாடத்தோடு திரும்புவேன்?’ என்று எழுதி வையுங்கள்.

உங்களுக்கு எந்த வழி பொருந்தும்?

எவ்வளவு நேரமும் பணமும் கையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து நான்கு வழிகள் உண்டு.

*வகுப்பறையிலிருந்தே.* செலவு இல்லை. ஆர்கோ தரவு ஒன்று. சூனிவர்ஸ் தளத்தில் நடக்கும் பென்குயின் வாட்ச் போன்ற பணிகள் இன்னொன்று. அண்டார்டிகாவில் தானியங்கிக் கேமராக்கள் எடுத்த படங்களில் பென்குயின்களை எண்ணித் தருவதுதான் வேலை. மாணவர்கள் போடும் ஒவ்வொரு குறியும் உண்மையான ஆய்வில் சேர்கிறது.

*பறவை வழியாக.* குளிர்காலத்தில் கடற்காகங்கள் ஹைதராபாத்தின் பெரிய நீர்நிலைகளுக்கும் வருகின்றன. இபேர்ட் தளத்தில் ஏரிப் பறவைகளைப் பதியத் தொடங்குங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலக அளவிலான பறவைக் கணக்கெடுப்பு என்று குறித்த நாட்களும் உண்டு. அடையாளம் காணுதல், எண்ணுதல், நேரம் குறித்தல் ஆகிய மூன்றும் இங்கே பழகிவிட்டால் கடற்கரையில் தடுமாற மாட்டீர்கள்.

*பருவத்துக்கு ஒருமுறை கரைக்கு.* சென்னையில் மேலே சொன்ன ஆமை நடை பொதுமக்களுக்கும் நடத்தப்படுகிறது. நீலாங்கரையைச் சேர்ந்த ட்ரீ ஃபவுண்டேஷன், சுப்ரஜா தாரிணி 2002-ல் தொடங்கியது. மீனவ இளைஞர்களையே ஆமைப் பாதுகாவலர்களாக்கித் தமிழகக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் பணியாற்றுகிறது. விசாகப்பட்டினத்தில் ஈஸ்ட் கோஸ்ட் கன்சர்வேஷன் டீம் பாறைக் கரைகளில் உயிரின நடைகளை நடத்துகிறது. தஞ்சைப் பக்கம் பாக் விரிகுடாவில் ஓம்கார் அறக்கட்டளை கடற்புல்லையும் கடல்பசுவையும் பற்றிப் பள்ளிகளோடு சேர்ந்து வேலை செய்கிறது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

*கோடைக்காலம் முழுக்க.* கல்லூரி ஆசிரியராக இருந்தால் இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். மாணவர்களோடு ஆசிரியர்களுக்கும் இடம் தரும் திட்டம் அது. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யக் கிடைக்கும் வாய்ப்பு சாதாரணமானதல்ல.

முதல் ஆண்டில் முதல் இரண்டு வழிகள் போதும். அடுத்த ஆண்டு கரைக்குப் போங்கள்.

தெலங்கானா நாட்காட்டியும் ஆமை நாட்காட்டியும்

இரண்டும் நன்றாகவே ஒத்துப்போகின்றன.

ஜூன், ஜூலை: புதிய கல்வியாண்டு. வகுப்புக்கு ஒரு மிதவையைத் தேர்ந்தெடுங்கள். தலைமையாசிரியரிடம் ஆண்டுத் திட்டத்தை எழுத்தில் கொடுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர்: இன்காய்ஸுக்கும் களக் குழுக்களுக்கும் கடிதம் எழுதுங்கள். ஸ்வயம் தளத்தில் சூழலியல் பாடம் ஒன்றில் சேருங்கள். பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம்.

அக்டோபர்: தசரா விடுமுறை. விசாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ போய்க் குழுவினரை நேரில் பாருங்கள். பயிற்சி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி: சங்கராந்தி விடுமுறையின்போது ஆமைப் பருவம் தொடங்கியிருக்கும். முதல் இரவு நடைக்கு இதுவே ஏற்ற நேரம்.

மார்ச்: ஆமைகள் அதிகமாக முட்டையிடும் காலம். மாத நடுவில் தெலங்கானாவில் அரைநாள் பள்ளி தொடங்கிவிடும். வார இறுதியோடு ஒருநாள் சேர்த்தால் போய் வரலாம்.

ஏப்ரல் இறுதி, மே: கோடை விடுமுறை. பொரிப்பகங்களில் குஞ்சுகள் வெளிவரும் காலம். முட்டை பொரிய 45 முதல் 60 நாட்கள் ஆகும் என்பதால், மார்ச்சில் நீங்கள் பதிந்த கூட்டின் முடிவை இப்போது தெரிந்துகொள்ளலாம்.

நிர்வாகத்திடம் எப்படிக் கேட்பது?

ஆர்வத்தை விளக்கிக்கொண்டிருந்தால் அனுமதி கிடைக்காது. பள்ளிக்கு என்ன பயன் என்று சொல்லுங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில் மேம்பாட்டுப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 10 நாட்கள் புத்தகப்பை இல்லா நாட்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் களப்பணியை முதலாவதோடும், மாணவர்களின் ஏரிக் கணக்கெடுப்பை இரண்டாவதோடும் இணைத்துக் காட்டுங்கள். எந்தப் பயிற்சி 50 மணி நேரக் கணக்கில் சேரும் என்பதை உங்கள் கல்வி வாரியத்தின் விதிகளில் பார்த்த பிறகே கேளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எத்தனை நாள் விடுப்பு, அந்த நாட்களில் உங்கள் வகுப்பை யார் பார்ப்பார், செலவு யாருடையது, திரும்பி வந்து என்ன தருவீர்கள் என்பவை போதும். கடைசி வரியில் ஒரு தேதி எழுதுங்கள்: ‘இந்த நாளில் சக ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி தருவேன்.’ தேதியோடு தரப்படும் வாக்குறுதியை நிர்வாகம் நம்பும்.

பணம் பெரிய தடையாக இருக்காது. ரயில் செலவு, தங்குமிடம், நல்ல செருப்பு ஒரு ஜோடி, சிவப்பு வெளிச்சம் தரும் கைவிளக்கு ஒன்று. இவற்றுக்குமேல் முதல் பயணத்துக்குத் தேவையில்லை. விலையுயர்ந்த கேமரா வாங்கிவிட்டுத்தான் தொடங்குவேன் என்று காத்திருக்காதீர்கள்.

கரையில் உங்கள் வேலை

இரவு நடையில் குழுத்தலைவர் சொல்வதுதான் சட்டம். ஆமை முட்டையிடக் கரையேறும்போது அருகில் போகக்கூடாது, வெள்ளை ஒளி அடிக்கக்கூடாது, படம் எடுக்க வெளிச்சம் போடக்கூடாது. சத்தமும் வெளிச்சமும் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளைக் கையில் எடுத்துப் படம் பிடிக்க ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்வதைத்தான் உங்கள் மாணவர்கள் நாளை செய்வார்கள்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை தெளிவானவை: தேதி, நேரம், இடம், அலைக்கோட்டிலிருந்து கூட்டின் தூரம், முட்டை எண்ணிக்கை, வானிலை. பங்குனி ஆமை ஒரு முறைக்கு 100 முதல் 120 முட்டை வரை இடும். எண்ணும்போது இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுங்கள். செத்து ஒதுங்கிய ஆமையைக் கண்டால் தொடாமல் இடத்தையும் நேரத்தையும் காயக்குறிகளையும் எழுதிக் குழுவிடம் சொல்லுங்கள்.

ஆமையே வராத இரவையும் தவறாமல் பதியுங்கள். ஒரு கூடும் கிடைக்காத இரவுகளை எழுதாமல் விட்டால், கிடைத்த இரவுகளின் எண்ணிக்கைக்குப் பொருளே இருக்காது. புதியவர்கள் அதிகமாகத் தவறவிடும் பதிவு இது.

மீனவர்களிடம் பாடம் கேட்கப் போகும் மாணவராகப் போங்கள். ‘அண்ணே, இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்?’ என்று பேச்சைத் தொடங்குங்கள். வாடையா, கொண்டலா, கச்சானா என்று அவர்கள் சொல்லும் ஒரு பதிலில் நம் புவியியல் புத்தகத்தின் ஒரு பாடமே இருக்கும். பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் குப்பத்தின் மூத்த மீனவர் எஸ். பாளையம், காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிய தம் அறிவைப் பதிவுசெய்து பகிர்ந்து வருபவர். அத்தகையவர்கள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை எழுதும்போது அவர்கள் அனுமதியைக் கேட்டு, அவர்கள் பெயரோடு எழுதுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியக் கடலில் காணப்படும் ஐந்து ஆமை இனங்களும், கடல்பசு, திமிங்கிலம், அம்மணி உளுவை எனப்படும் திமிங்கிலச் சுறா, கடல் குதிரை, பவளப்பாறை ஆகியவையும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. ‘வகுப்பில் காட்டலாம்’ என்று உடைந்த பவளத் துண்டையோ ஆமை ஓட்டையோ பையில் போட்டு வருவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சில சங்குகளும் பாதுகாக்கப்பட்டவையே. படமும் குறிப்பும் மட்டும் எடுத்து வாருங்கள்.

வகுப்பறைக்குக் கொண்டு வருவது

‘எங்கே போனேன், என்ன பார்த்தேன்’ என்று படங்களை ஓட்டிக் காட்டினால் மாணவர்கள் கைதட்டுவார்கள். மறுநாள் மறந்துவிடுவார்கள். அவர்கள் கையில் உண்மையான எண்களைக் கொடுத்து ஒரு கேள்வியைத் தீர்க்கச் சொல்லுங்கள். லோத்குண்டாவிலேயே செய்யக்கூடிய ஐந்து பாடங்கள் இதோ.

*மண்ணின் வெப்பம்.* ஆமை முட்டைக்குள் இருக்கும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. சுமார் 29 பாகை செல்சியஸை ஒட்டி இரண்டும் கலந்து பிறக்கும். அதற்குமேல் சூடேறினால் பெண்குஞ்சுகள் கூடும். பள்ளி மைதானத்தில் நிழலில் ஒன்றும் வெயிலில் ஒன்றுமாக முழ ஆழக் குழி தோண்டி, வெப்பமானியை வைத்து, காலை, மதியம், மாலை அளக்கச் சொல்லுங்கள். மேல்மண் கொதிக்கும்போது அடிமண் எவ்வளவு மாறுகிறது? பொரிப்பகத்துக்கு ஏன் நிழற்கூரை போடுகிறார்கள்? புவி சூடானால் ஆமை இனத்துக்கு என்ன ஆகும்? ஒரு வெப்பமானியை வைத்துக்கொண்டு இத்தனை கேள்விகளையும் எழுப்பலாம்.

*மிதவையின் வரைபடம்.* வங்காள விரிகுடா மிதவையின் ஆழத்தையும் உப்புத்தன்மையையும் வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அரபிக்கடல் மிதவை ஒன்றையும் பக்கத்தில் வரையுங்கள். வங்கக்கடலின் மேற்பரப்பில் உப்பு குறைவாக இருப்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா ஆகியவை கொட்டும் நன்னீர்தான் காரணம். நம் மூசி ஆறும் வாடபல்லியில் கிருஷ்ணாவில் கலந்து அதே கடலுக்குப் போகிறது என்று சொல்லும்போது, மூசியில் மிதக்கும் பிளாஸ்டிக் யாருடைய பிரச்சினை என்பது தானாகவே விளங்கும்.

*ஓர் ஆமையின் பயணம்.* ஒடிசாவில் 2021-ல் 03233 என்ற எண் பொறித்த அடையாளத் தகடு பொருத்தப்பட்ட பங்குனி ஆமை ஒன்று, 2025-ன் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் முட்டையிட்டபோது கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தூரம். வரைபடத்தில் வழியை வரையச் சொல்லுங்கள். பிறகு, ‘இந்த இரண்டு புள்ளிகளிலிருந்து நமக்குத் தெரியாதது என்ன?’ என்று கேளுங்கள். நடுவில் எங்கெல்லாம் போனது, எத்தனை முறை முட்டையிட்டது, எவ்வளவு வேகத்தில் நீந்தியது என்பவை தகட்டில் இல்லை. தரவு சொல்வதற்கும் நாம் ஊகிப்பதற்கும் உள்ள எல்லையைக் கற்பிக்க இது அருமையான பாடம்.

*வலையும் ஆமையும்.* 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமை நீரில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சுவிடும் உயிரினம். இழுவை வலையில் நெடுநேரம் சிக்கினால் மூழ்கி இறந்துவிடும். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். ஆமைகள் கரைக்கு வருவதோ ஜனவரி முதல் மார்ச் வரை. இந்த இரண்டு காலங்களையும் ஒரே கோட்டில் வரைந்து, மீனவர் ஒருவர், படகு உரிமையாளர் ஒருவர், வனத்துறை அலுவலர் ஒருவர், ஆய்வாளர் ஒருவர் என்று நான்கு குழுவாகப் பேச வையுங்கள். யாரையும் வில்லனாக்காமல் தீர்வைத் தேடப் பழகட்டும்.

*பெயர்களின் பட்டியல்.* இது தமிழ் ஆசிரியருக்கு. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஆவுளியா, ஓங்கில், அம்மணி உளுவை என்று கடலோரத் தமிழர் வழங்கும் பெயர்களை மாணவர்கள் தொகுக்கட்டும். வீட்டில் தெலுங்கு பேசும் மாணவர்கள் தெலுங்குப் பெயர்களைச் சேர்க்கட்டும். அறிவியல் பெயரையும் பக்கத்தில் எழுதினால் வகுப்புக்கென்றே ஒரு மும்மொழிக் கையேடு உருவாகும். கடற்கரைக் குழுக்களுக்கு அது நேரடியாகப் பயன்படும்.

மாணவர்களைக் கூட்டாளிகளாக்கும்போது

10 முதல் 17 வயதுக் குழந்தைகளுக்காக 1993-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, வழிகாட்டி ஆசிரியரோடு உள்ளூர்ப் பிரச்சினையை ஆராயும் பழக்கத்தை நாடு முழுக்கப் பரப்பியது. இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். மண்வெப்ப ஆய்வும் ஏரிப் பறவைக் கணக்கெடுப்பும் இத்தகைய அரங்குகளுக்கு எடுத்துச் செல்லத் தகுந்தவை.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் 13 வயதுக்குக் குறைந்தோர் தாமாகக் கணக்குத் தொடங்கக் கூடாது. உங்கள் பெயரில் வகுப்புக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் முகம், முழுப்பெயர், பள்ளி முகவரி எதுவும் பதிவில் வரக்கூடாது. ஆமைக் கூடு இருக்கும் துல்லியமான இடத்தையும் பொதுவெளியில் போடாதீர்கள். முட்டைத் திருடர்களும் அதைப் படிப்பார்கள். மாணவர்களைக் கரைக்கு அழைத்துப் போனால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், பெண் ஆசிரியர் துணை, முதலுதவிப் பெட்டி மூன்றும் கட்டாயம். கடலில் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை என்பதை ரயில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் பணி வாழ்வுக்கு என்ன கிடைக்கும்?

சம்பளம் உடனே கூடாது. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் உங்கள் கையில் கண்ணெதிரே காட்டக்கூடிய பணி இருக்கும்: தேதியிட்ட களக்குறிப்பேடு, நீங்களே எழுதிச் சோதித்த பாடத்திட்டங்கள், மாணவர் ஆய்வறிக்கைகள், குழுவிடமிருந்து பெற்ற பங்கேற்புக் கடிதம். வேறு பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போதும், அறிவியல் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பைக் கேட்கும்போதும், பாடத்திட்டம் எழுதும் பணிக்குப் போகும்போதும், இயற்கைக் கல்வி அமைப்புகளில் சேரும்போதும் பட்டத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்போவது இந்தக் கோப்புதான். அதனால் முதல் நாளிலிருந்தே ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பக்கம் போதும்: என்ன செய்தேன், என்ன அளந்தேன், வகுப்பில் என்ன மாறியது.

அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. புத்தகத்தில் அச்சானதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியர், ‘இதற்கு இன்னும் யாருக்கும் விடை தெரியாது, வாருங்கள் அளந்து பார்ப்போம்’ என்று சொல்லத் தொடங்கும் நாளில் வகுப்பே மாறிவிடும். விடை தெரியாத கேள்விக்கு முன் ஆசிரியரும் மாணவரும் சமம். அறிவியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த வாரம் மூன்றே வேலைகள் செய்யுங்கள். வங்காள விரிகுடாவில் ஓர் ஆர்கோ மிதவையைத் தேர்ந்தெடுத்து அதன் எண்ணை வகுப்புப் பலகையில் எழுதுங்கள். ஞாயிறு காலை அல்வால் ஏரிக்கரையில் அரைமணி நேரம் நின்று பறவைகளை எண்ணிப் பதியுங்கள். சென்னையிலோ விசாகப்பட்டினத்திலோ ஓர் ஆமைக் குழுவுக்கு, நீங்கள் யார், எத்தனை நாள் தர முடியும், எந்த வகுப்புக்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். இந்த மூன்றையும் செய்து முடித்த ஆசிரியர் கடல் ஆய்வில் சேர்ந்துவிட்டார். அடுத்த ஆமைப் பருவத்துக்கு ரயில் டிக்கெட் எடுப்பது மட்டும்தான் மிச்சம்.